மூன்று ராத்திரியும் ஒரு வரியும்

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு இரவு

மாப்ள,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதென்றால் திட்டிவிட்டு மேலே படி. அம்மா நலம், முட்டிவலி மட்டும் போகவில்லை. குண்டு மாமா இன்னும் அதே ஸ்கூட்டரில்தான்.

சரி, விஷயம். மாம்பழக்கூழ் கம்பெனி எடைமேடைக்கு நீ சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, அதைத் தோண்டி எடுத்தேன். பெங்களூரா மாங்காய் லோடு வர ஆரம்பித்தால் வண்டி வரிசை ரோடு வரை நிற்கும், எடையைத் துண்டுச்சீட்டில் எழுதி மறுபடி கணினியில் அடிக்கிற கூத்து இந்த சீசனிலாவது வேண்டாமென்று, உன் புரோகிராமை அப்படியே பைதானிலிருந்து கூப்பிடுகிற மாட்யூலாக்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேர வேலை என்று முதலாளியிடம் வாய்விட்டு வேறு வைத்தேன்.

முதலில் பைதான்.எச் என்ற ஹெடர் கோப்பு இல்லை என்றது, அதைத் தருகிற பைதான்3-டெவ் போட்டேன். அப்புறம் மாட்யூல் கட்டுகிற டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை என்றது; பைதான் 3.12-இல் அதைத் தூக்கிவிட்டார்கள், பில்ட் விவரம் இருக்கிற செட்டப்.பை-யை அதற்குப் பதிலான செட்டப்டூல்ஸுக்கு மாற்றினேன். இதெல்லாம் கொசுக்கடி.

அசல் பேய் அடுத்து வந்தது. பில்ட் ஓடி முடிந்தது, மாட்யூலான எஸ்ஓ கோப்பும் வந்தது, எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. இம்போர்ட் செய்தால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்: எஸ்பி_ஓப்பன்', அதாவது அந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லையாம். அதை வைத்திருக்கிற சீரியல் போர்ட் லைப்ரரியான லிப்சீரியல்போர்ட் கணினியில் இருக்கிறது, ஹெடர் கிடைக்கிறது, அப்புறம் என்னடா உனக்கு என்று மூன்று ராத்திரி. கடைசியில் பார்த்தால், அந்த லைப்ரரியைச் சேர் என்று சொல்கிற -எல்சீரியல்போர்ட் என்பதை எக்ஸ்ட்ரா_கம்பைல்_ஆர்க்ஸில் எழுதி வைத்திருக்கிறேன்! அது கம்பைலருக்கு மட்டும்தான் போகும், துண்டுகளை லைப்ரரியோடு இணைத்து லிங்க் செய்யும்போது எட்டிக்கூடப் பார்க்காது. லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி கட்டும்போது பெயர் விடுபட்டிருந்தாலும் லிங்கர் கேட்காது, ஓடும்போது எவனாவது கொண்டுவருவான் என்று விட்டுவிடும். செட்டப்.பை-யின் எக்ஸ்டென்ஷனில் லைப்ரரீஸ் என்ற இடத்தில் 'சீரியல்போர்ட்' என்று போட்டேன், அவ்வளவுதான். எந்தெந்த லைப்ரரி வேண்டுமென்று காட்டுகிற எல்டிடி-யில் இப்போது சமர்த்தாக வருகிறது.

எடை திரையில் வந்தபோது மணி இரண்டு. உனக்குப் போன் போடத்தான் கை போனது. உன் அப்பா போனதிலிருந்து நீ யார் போனையும் எடுப்பதில்லை என்று மாமா சொன்னார், அதனால்தான் கடிதம். அழைத்தும் நான் வராத குற்றவுணர்ச்சியும் எனக்கு இருக்கிறது, அதை நேரில் பேசுவோம்.

ஒன்று மட்டும் எழுது. எடை வாசிக்கிற லூப்புக்குள் 200 மில்லிசெகண்ட் தூங்கவைத்து, பக்கத்தில் 'தொடாதே' என்று கமென்ட் போட்டிருக்கிறாய். ஏன்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வரவில்லையென்றால் தொட்டுவிடுவேன்.

உன் மச்சான்