தண்டுகளைக் கழற்றாதீர்கள்: சபைகளையும் நிறுவனங்களையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களே, மூப்பர்களே, நிர்வாகிகளே,

"இந்த ஒரு மாற்றம் மட்டும் முடியட்டும், அப்புறம் எல்லாம் நிலைக்கு வந்துவிடும்." இதை அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன், சபையின் பொதுக்கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் நல்லவர்கள். எங்களைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார்கள், அவர்களும் அதை நம்பினார்கள். ஆனால் எதுவும் நிலைக்கு வரவில்லை. தயவுசெய்து இனிமேல் இந்த வாக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை மென்பொருளை மாற்றினார்கள். என் பக்கத்து மேசையில் இருந்த அக்கா முதல் முறை மாற்றியபோது மாலையில் இருந்து கற்றுக்கொண்டார். இரண்டாவது முறை மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது வந்தபோது பயிற்சி வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, இடத்துக்கு வந்து தன் பழைய எக்செல் கோப்பைத் திறந்து அன்றைய கணக்கை அதிலும் ஒரு முறை ஏற்றி வைத்தார். "இதுவும் போயிடும்ல, அப்ப கணக்கு எங்க இருக்கும்?" என்றார். மேலே இருந்தவர்கள் அவரைப் பற்றி எழுதிய குறிப்பில் 'மாற்றத்தை எதிர்க்கிறார்' என்று இருந்தது. எனக்கு இன்றும் அந்த வார்த்தை வலிக்கிறது. அவர் மாற்றத்தை எதிர்க்கவில்லை. அவர்கள் கொடுத்த வாக்கை நம்புவதைத்தான் விட்டுவிட்டார்.

நீங்கள் ஏன் அப்படி வாக்குக் கொடுக்கிறீர்கள் என்பது புரிகிறது. மாற்றத்தை நடத்துவது பற்றிய பாடங்கள் பலவும் அப்படித்தான் சொல்லித் தந்தன. உளவியலாளர் கர்ட் லெவின் 1947-இல் எழுதியதை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த உவமை ஒன்று உண்டு: உறைந்திருப்பதை உருக்கு, வேண்டிய வடிவுக்கு மாற்று, மறுபடி உறைய வை. கடைசிப் படி நடந்தால்தான் இது பலிக்கும். இப்போது உறைவதற்கு நேரமே கிடைப்பதில்லை. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள் ஆராதனையும் அலுவலகமும் திரைக்குள் போயின. அதிலிருந்து எழுந்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இடையில் மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

சரி, வேறு எப்படித்தான் சொல்வது? சபைக்காரர்களான நமக்கு இதற்கான சொற்கள் புதிதாகத் தேவையில்லை. பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்குகிற தண்டுகளை வளையங்களிலிருந்து கழற்றவே கூடாது என்று யாத்திராகமத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. கூடாரத்தில் இருந்தவரை அதற்குக் காரணம் எளிது, எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியிருக்கும். ஆனால் சாலொமோன் கல்லால் ஆலயம் கட்டி, பெட்டியை உள்ளே வைத்த பிறகும் தண்டுகள் அப்படியே இருந்தன, அவற்றின் முனைகள் முன்னால் இருந்த பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தெரிந்தன என்று இராஜாக்களின் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள்ளும் யாரும் 'இனி நகர வேண்டியதில்லை' என்று தண்டை உருவவில்லை. பெட்டிக்குள் இருந்த கற்பலகைகளும் மாறவில்லை. நான் கேட்பது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். "மறுபடியும் நகர்வோம், எப்போது என்று எனக்கும் தெரியாது. ஆனால் இன்னதை விடமாட்டோம்" என்று சொல்லுங்கள். நிலைக்கு வந்துவிடும் என்ற வாக்கைவிட இது கேட்பதற்குக் கடினம்தான், ஆனால் அடுத்த ஆண்டும் உண்மையாக இருக்கும்.

'இன்னது' எது என்று கண்டுபிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. டிஜிட்டல் படம் வந்து கோடக் விழுந்த கதை எல்லாக் கருத்தரங்கிலும் வருகிறது. எனக்குப் பக்கத்துக் கதைதான் பிடிக்கும். 2000-க்குப் பிறகு புகைப்படச் சுருளின் விற்பனை சரிந்தபோது அதே தொழிலில் இருந்த ஃபுஜிஃபில்ம் நிறுவனத்துக்கும் அதே இடிதான் விழுந்தது. அவர்கள் தங்களிடம் உண்மையில் என்ன அறிவு இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தார்கள். சுருளின் ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருவது. படம் மங்காமல் காக்க ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேதியியல் அவர்களுக்குக் கைவந்தது. அந்த இரண்டையும் வைத்துச் சருமத்துக்கான பூச்சுகள் செய்தார்கள், 2007-இல் அஸ்டாலிஃப்ட் என்ற பெயரில் விற்றார்கள். மருத்துவத் துறையிலும் தங்கள் வேலையை விரிவாக்கினார்கள். அந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஆனாலும் 'நாங்கள் சுருள் விற்பவர்கள்' என்பதற்கு அடியில் இன்னொன்று இருந்ததை அவர்கள் கண்டார்கள். சபையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் பழகிப்போனதெல்லாம் நமக்குப் பரிசுத்தமாகத் தோன்றும். ஆராதனை நேரமும் பாட்டின் மெட்டும் சுவிசேஷம் இல்லை. அதே சமயம், அவை வெறும் பழக்கம் என்று தூக்கிப்போடவும் முடியாது. அவற்றுக்குள் மனிதர்களின் ஜெபங்கள் இருக்கின்றன.

நான் அதிகம் பேச விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான். எஸ்றாவின் புத்தகத்தில், இடிந்த ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போட்ட நாளன்று ஜனங்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்களில் பலர் சத்தமாக அழுதார்கள். எது ஆர்ப்பரிப்பு, எது அழுகை என்று பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. அழுதவர்களை யாரும் வெளியே அனுப்பியதாக இல்லை, முன்னேற்றத்துக்குத் தடை என்று சொன்னதாகவும் இல்லை. இரண்டு சத்தமும் ஒரே மைதானத்தில் கலந்து கேட்டது, வேலையும் தொடங்கியது.

எங்கள் சபையில் பாட்டுப் புத்தகத்தை நிறுத்திவிட்டுத் திரையில் வரிகளைக் காட்ட ஆரம்பித்தோம். அந்த முடிவெடுத்த குழுவில் நானும் இருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகுதான் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பாட்டியைக் கவனித்தேன். மடியில் புத்தகம் இருந்தது, அட்டை மூடியே இருந்தது. பாட்டு நடந்துகொண்டிருந்தது, அவர் பாடவில்லை. ஆராதனை முடிந்து போய்க் கேட்டேன். "திரை எனக்குத் தெரியாதுப்பா. எந்தப் பாட்டுன்னு பிடிபடுறதுக்குள்ள ரெண்டாவது சரணம் வந்துடுது. முன்னெல்லாம் எண்ணைச் சொல்லுவாங்க" என்றார். எவ்வளவு சின்ன விஷயம். யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் புகார் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் புத்தகத்தோடு வந்து, மூடிய புத்தகத்தோடு திரும்பிப் போயிருக்கிறார்.

முறுமுறுப்பு வந்தால் அதைக் கொடையாக எண்ணுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆதிச் சபை வேகமாகப் பெருகியபோது, கிரேக்க மொழி பேசியவர்கள் தங்கள் விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று தொடங்கும் அந்த ஏழு பெயர்களுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது. உங்கள் மாற்றக் குழுக்களின் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். மாற்றத்தால் இழப்பவர்களில் ஒருவராவது அதில் இருக்கிறாரா?

அறிவிப்பைப் பற்றியும் ஒன்று. எருசலேமில் கூடி, புறஜாதியாருக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்ற அவ்வளவு பெரிய முடிவை எடுத்தவர்கள், அந்தியோகியாவுக்குச் சிறிய கடிதம் ஒன்றை எழுதினார்கள். அதோடு யூதா, சீலா என்ற இருவரையும் வாய்மொழியாகச் சொல்வதற்கு அனுப்பினார்கள். அவர்கள் போய்ப் பேசி, சில காலம் அங்கேயே தங்கினார்கள். நீங்கள் மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்கிறவர் முன்னால் உட்கார ஒரு ஆளையும் அனுப்புங்கள்.

நீங்களும் களைத்திருக்கிறீர்கள், அது எங்களுக்குத் தெரிகிறது. காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம் அவருடைய மாமனார், நீயும் தொய்ந்துபோவாய், உன்னோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று எச்சரித்தார். இந்த ஆண்டு நீங்கள் திட்டமிட்டிருக்கிற மாற்றங்களில் ஒன்றைத் தள்ளி வையுங்கள். அதை வெளிப்படையாகவே சொல்லித் தள்ளி வையுங்கள். "போன மாற்றம் இன்னும் எல்லாருக்கும் செரிக்கவில்லை, அதனால் காத்திருக்கிறோம்" என்று ஒரு தலைவர் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த அக்காவுக்கும் எனக்கும் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரையை எடுக்கச் சொல்லி அந்தப் பாட்டியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எங்கள் சபையில் பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் எண்ணையும் சொல்கிறார்கள். அவர் பக்கத்தைப் புரட்டி முடிக்கும்வரை வாசிக்கிறவர் முதல் மெட்டை இரண்டு முறை வாசிக்கிறார்.

அன்புடன்,
மூன்றாவது வரிசையைத் தாமதமாகப் பார்த்த ஒரு குழு உறுப்பினர்