புதன்கிழமை மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கல்லூரி முதல்வராகப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னபோது தேக்கா சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டோடு நின்றிருந்தேன். அங்கேயே கண் கலங்கிவிட்டது. நீ பொறுப்பேற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும்.

புதுமை என்றாலே புதுக் கட்டடம், புதுச் செயலி என்று ஆகிவிட்டது. எனக்கு நினைவுக்கு வருவது ஐடிஇ, நம் சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகம். 1992இல் அது தொடங்கிய காலத்தில், “படிக்காவிட்டால் அங்கேதான் போவாய்” என்று நம் ஆட்களே பிள்ளைகளை மிரட்டுவார்கள். அந்த மூன்று ஆங்கில எழுத்துக்கு ‘இட்ஸ் தி எண்ட்’, அதாவது ‘எல்லாம் முடிந்தது’ என்று அர்த்தம் சொல்லிக் கேலி செய்த ஊர் இது. லா சோங் செங் தலைமையில் அந்த அவப்பெயரைத் துடைப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டார்கள். சிதறிக் கிடந்த சிறு வளாகங்களைச் சேர்த்து 2005இல் சீமெய், 2010இல் சுவா சூ காங், 2013இல் அங் மோ கியோ என மூன்று பெரிய கல்லூரிகளாக்கினார்கள். நடுவில் தலைவர் மாறினார், திட்டம் மாறவில்லை. அதைத்தான் நான் தலைமை என்பேன்.

நான் மாலை வகுப்பு எடுத்த கல்லூரியில் அப்படி இல்லை. துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை முடித்து ஒரு மாணவர் வருவார், நாற்பத்து மூன்று வயது. காலில் பாதுகாப்பு பூட்ஸ், கையில் ரொட்டிப் பொட்டலம். ஏனென்றால் கேன்டீன் ஆறு மணிக்கே மூடிவிடும். ஆபீஸ் ஐந்தரைக்கு. ஒரு எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், கொடுக்கவே அவர் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டும். ஆபீஸ் நேரத்தை மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். வந்த தலைவர்கள் ஆளுக்கொரு புதுத் திட்டம் கொண்டுவந்து, முன்னவருடையதைத் தூக்கிப்போட்டார்கள். கடைசியில் ஆபீசிலிருந்த மலாய் அம்மா ஒருவர் மேலாளரிடம் கேட்டு, புதன்கிழமை மட்டும் மதியம் வந்து இரவு எட்டரை வரை இருக்க ஆரம்பித்தார். முதல் வாரமே வரிசை படிக்கட்டு வரை நின்றது. அந்தக் கல்லூரியில் நான் கண்ட பெரிய புதுமை அதுதான் தம்பி.

இனி இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் வருவார்கள். 2024இல் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசின் திறன் வளர்ப்புத் திட்டத்தில் படிப்புக் கட்டணத்துக்காக 4,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து இருபது ஆண்டுக்குத் தன் மாணவர்தான் என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் சொல்கிறது. சரி, வேலைக்குப் போகிறவர் படிக்க வருவது பெரும்பாலும் இரவில்தானே? அப்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது?

முதல் வாரத்திலேயே ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணிக்குப் போ. வருவதாக யாரிடமும் சொல்லாதே. பசியோடு போய்க் கேன்டீனில் என்ன கிடைக்கிறது, கவுன்டரில் யார் இருக்கிறார் என்று பார். அப்புறம் அன்றிரவே எனக்கு போன் போடு. நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா