தவணை நிறைவுக் கடிதம்: கொடிமலை முகாமும் சில விஷயங்களும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இன்னொரு தவணை முடிந்துவிட்டது. குறுக்கோட்டம் நல்லபடியாக நடந்தது. செந்தமிழ் விழாவில் மாவட்ட நிலையில் இரண்டு பரிசுகள். சிற்றுண்டிச்சாலைக்குப் புதிய மின்விசிறிகள் வந்துவிட்டன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி. வாசிப்புத் திட்டமும் நன்றாகவே போகிறது. சரி, பினாங்கு கொடிமலை முகாமுக்கு வருகிறேன்.

5, 6ஆம் ஆண்டு மாணவர்கள் 38 பேர், ஆசிரியர்கள் 5 பேர். சனிக்கிழமை பிற்பகல் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் சாலை வழியாக ஏறினோம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான், ஆனால் அது எவ்வளவு செங்குத்து என்று முழங்காலைக் கேட்டால் தெரியும். "1923லேயே ரயில் வந்துவிட்டதே டீச்சர், நாம் ஏன் நடக்கிறோம்?" என்று பாதி வழியில் ஒருவன் கேட்டான். யாரிடமும் பதில் இல்லை.

இம்முறை முகாமின் கரு தீக்காவல் கோபுரம். புகைமூட்டத்துக்குப் பள்ளி மூடிய கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். காட்டுத்தீயை முதலில் கண்டுபிடிப்பது யார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1910இல் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்த பிறகு, மலையுச்சிகளில் இப்படிப்பட்ட கோபுரங்கள் பெருகின. நாலாபக்கமும் கண்ணாடிச் சன்னல் வைத்த ஓர் அறை, நடுவில் வட்ட வரைபடம், காவலுக்குப் பெரும்பாலும் ஒரே ஆள். இடி மின்னல் வந்தால், கால்களுக்கு மின்சாரம் கடத்தாத கண்ணாடிக் குமிழ் மாட்டிய முக்காலியில் ஏறி நின்றுகொள்வார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இந்த முக்காலிதான்.

ஒரு கோபுரத்திலிருந்து பார்த்தால் புகை எந்தத் திசையில் என்பது மட்டுமே தெரியும். இன்னொரு கோபுரமும் திசை சொன்ன பிறகு, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தீ. மாலையில் வானம் தெளிவாக இருந்தபோது, மலைமேல் இரண்டு இடங்களில் நின்று கீழே நகரில் தெரியும் கொம்தார் கோபுரக் கட்டடத்தின் திசையைத் திசைகாட்டியால் அளந்தோம். ஒரு குழுவின் கோடுகள் கொம்தாருக்குப் பக்கத்துத் தெருவில் வெட்டிக்கொண்டன. இன்னொரு குழுவின் கொம்தார் கடலுக்குள் இருந்தது.

இரவு 8.40க்கு இடி தொடங்கியது. எல்லாரையும் உடனே நாங்கள் தங்கிய பங்களாவுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தி, மைலோ கலக்கிக் கொடுத்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் கீழே என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்ற விதியில் எல்லாருமே கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அப்படியிருந்தும் ஒரு பிள்ளையின் பையில், காலி மைலோ பொட்டலத்துக்குள், முகம் துடைக்கும் துண்டில் சுற்றியபடி ஒன்று இருந்தது. "மின்னல் அடிக்குது, பயமா இருக்கு" என்று அந்தப் பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய செய்தி, பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒன்பதரைக்குள் "மாணவர்களை மின்னல் தாக்கிவிட்டது" என்று ஆகிவிட்டது. ஒரே கோட்டை வைத்துக்கொண்டு தீ எங்கே என்று முடிவு கட்டிவிட்டோம். மூன்று குடும்பங்கள் கொட்டும் மழையில் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டன.

ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். உங்கள் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதற்காக, இரண்டு ஆசிரியர்கள் சிக்னல் கிடைக்கும் வெளித் திண்ணையில் ஒன்றே கால் மணி நேரம் நின்றார்கள். உள்ளே 38 பிள்ளைகளுக்கு மூன்று பேர். அந்நேரம் உண்மையிலேயே ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால், மருத்துவ உதவி கேட்கக்கூட எங்களுக்குத் தொலைபேசி ஓய்வாக இருந்திருக்காது. இதை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. அடுத்த முகாமில் பூங்கா வாசலிலேயே பைகளைச் சோதிப்போம். கைத்தொலைபேசி இருந்தால் பெற்றோரை வரவழைத்து, பிள்ளையை அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அப்போது யாரும் என்னிடம் சிபாரிசுக்கு வர வேண்டாம்.

எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. இடி தொடங்கியதும் "எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்" என்று நாங்களே ஒரு வரி போட்டிருந்தால் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். இனி மேலே சேர்ந்ததும், இரவு உணவுக்குப் பிறகும், காலையிலும் பள்ளியிலிருந்து செய்தி வரும். வானிலை மாறினால் அதற்குத் தனியாகவும் வரும்.

பயத்தில்தான் ஓடி வந்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. விடியற்காலையில் 50 பொட்டலம் நாசி லெமாக் கட்டிக்கொடுத்த தாய்மார்களுக்கும், பைகளைத் தம் வேனில் பூங்காவரை ஏற்றிவந்த தந்தைக்கும், குழுவில் "கொஞ்சம் பொறுங்கள், ஆசிரியரைக் கேட்போம்" என்று எழுதிய அந்த ஒருவருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், ஒரு நீல நிறத் தண்ணீர்ப் புட்டியும் இடது கால் சிலிப்பர் ஒன்றும் அலுவலகத்தில் இருக்கின்றன. அந்தக் கைத்தொலைபேசியும் அங்கேதான் இருக்கிறது. யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம். அன்றிரவு என்னிடம் அது கேட்டதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கால் முக்காலி மட்டும்தான்.

இக்கண்,
தலைமையாசிரியர்