ஐசோடைப் கண்ட்ரோலை வெட்டாதீர்கள்: ஆய்வு நெறியாளர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

ஒளிரும் சாயமேற்றிய ஆன்டிபாடிகளைக் கொண்டு செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை ஃப்ளோ சைட்டோமெட்ரி. அதைச் செய்யும் மாணவர்கள் தரும் இண்டென்ட்டில் (கொள்முதல் கோரிக்கையில்) நிதி போதாதபோது முதலில் அடிபடுவது, ஒப்பீட்டுக்கான ஆன்டிபாடியாகிய ஐசோடைப் கண்ட்ரோல்தான். எதனுடனும் ஒட்டாத ஆன்டிபாடிக்கு எதற்குப் பணம் என்று கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஆன்டிபாடி என்ற புரதத்தின் கைகள் தமக்குரிய இலக்கைப் பிடிக்கின்றன. அதன் வால்பகுதியையோ (எஃப்சி), மானோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் தம் எஃப்சி ஏற்பிகளால் பிடித்துக்கொள்கின்றன. கருவியின் திரையில் இரண்டும் ஒரே ஒளியாகத்தான் தெரியும். இரண்டாவது வகை ஒட்டுதல் எவ்வளவு என்று காட்டவே, அந்தச் செல்களில் இலக்கு இல்லாத, மற்ற எல்லா வகையிலும் ஒத்த ஓர் ஆன்டிபாடி தேவைப்படுகிறது. பெரிதும் புழங்கும் எம்ஓபிசி-21 அத்தகையது. கனிம எண்ணெய் செலுத்திய சுண்டெலியில் உண்டான கட்டியிலிருந்து வந்தது அது. கோலரும் மில்ஸ்டைனும் 1975இல், ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரக்கும் ஹைப்ரிடோமா என்னும் கலப்புச் செல்லை உருவாக்கப் பயன்படுத்திய செல் வரிசையும் அந்தக் கட்டியின் வழித்தோன்றலே.

"ஏதோ ஒரு ஐசோடைப் ஃபிரிட்ஜில் கிடக்கிறதே, அதைப் போடு" என்ற சொல்லைப் பல ஆய்வகங்களில் கேட்கிறேன். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மனித மானோசைட்டில் உள்ள சிடி64 என்ற எஃப்சி ஏற்பி, சுண்டெலி ஆன்டிபாடியின் துணைவகைகளில் ஐஜிஜி2ஏ-வை இறுகப் பற்றும். ஐஜிஜி1-ஐ ஏறக்குறைய விட்டுவிடும். ஐஜிஜி2ஏ ஆன்டிபாடிக்கு ஐஜிஜி1 கண்ட்ரோல் வைத்தால் பின்னணி ஒளி குறைவாகத் தெரியும். மிஞ்சிய ஒளி புதிய கண்டுபிடிப்பாக ஆய்வேட்டில் ஏறிவிடும். விலங்கினம், துணைவகை, இலேசான சங்கிலி, ஒளிரும் சாயம் எல்லாம் பொருந்த வேண்டும்; ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருப்பது நல்லது. அளவை மைக்ரோகிராமில் கணக்கிட வேண்டும். ஒரு குப்பியில் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராமும் மற்றொன்றில் 0.2 மில்லிகிராமும் இருக்கும்போது, இரண்டிலும் 5 மைக்ரோலிட்டர் எடுத்தால் ஒப்பீடே இல்லை.

கண்ட்ரோல் குப்பியைப் பாதுகாப்பதிலும் இதே அலட்சியத்தைப் பார்க்கிறேன். சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்; உறைய விடவே கூடாது. பிஇ, ஏபிசி ஆகிய சாயங்களே புரதங்கள், உறைந்தால் கெடும். பிஇ-சை7 போன்ற, இரு சாயங்களைச் சேர்த்த இணைச் சாயங்கள் வெளிச்சத்தில் சிதைந்து, பிஇ-க்கு உரிய நிறத்தில் ஒளிரத் தொடங்கும். புதிய ஆன்டிபாடியைப் பழைய கண்ட்ரோலோடு ஒப்பிடக் கூடாது என்பது இதனால்தான். சாயமில்லாதவற்றில் உறையவைக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றை மட்டும், ஒருமுறைக்கு வேண்டிய சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். பனியைத் தானே உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம். அது இடையிடையே வெப்பமேறி இறங்கும். மீண்டும் மீண்டும் உறைந்து உருகிய ஆன்டிபாடி திரண்டுவிடும். அந்தத் திரள்கள் எஃப்சி ஏற்பிகளில் ஒட்டி, பொய்யான பின்னணியைக் கொடுக்கும்.

செல் வளர்ப்புக்கும் விலங்குச் சோதனைக்கும், கெடாமலிருக்கச் சோடியம் அசைடு கலந்த குப்பி உதவாது. அது செல்களுக்கு நஞ்சு. அசைடு இல்லாத, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) குறைந்த வகைக்கு விலை அதிகம் என்பதால் மாணவரைச் சாதாரணக் குப்பியை வாங்கச் சொல்லாதீர்கள். ஆன்டிபாடி மருந்து கொடுத்த எலிகளோடு ஒப்பிட, ஐசோடைப் கொடுத்த எலிகளின் குழு இல்லாமல் அந்த ஆய்வை நான் நம்பமாட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல வண்ணப் பரிசோதனையில் நேர்மறைக்கும் (இலக்கு உள்ள செல்) எதிர்மறைக்கும் (இலக்கு இல்லாத செல்) இடையே கோடு போட ஐசோடைப் ஏற்றதல்ல. அதற்கு எஃப்எம்ஓ கண்ட்ரோல் உண்டு: எல்லா வண்ணங்களும் இட்டு ஒன்றை மட்டும் விடுவது. அதற்குத் தனிக் குப்பி வாங்க வேண்டியதே இல்லை. எஃப்சி ஏற்பிகளை முன்பே அடைப்பதும், இறந்த செல்களைச் சாயமிட்டு நீக்குவதும் கட்டாயம். இவை நடக்கும் ஆய்வகத்தில் ஐசோடைப் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று மாணவரே காரணத்தோடு சொல்லிவிடுவார். அந்தக் காரணத்தைக் கேட்டபின் வெட்டுங்கள், கேட்காமல் வெட்டாதீர்கள்.

இண்டென்ட் படிவத்தில் ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் எதிரே, அதற்கான கண்ட்ரோலின் குளோன் பெயரும் (எம்ஓபிசி-21 போன்றது) செறிவும் எழுத ஒரு கட்டம் சேர்த்துத் தாருங்கள். ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியிலும் அந்த விவரங்களோடு லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) கேளுங்கள்.

அன்புடன்,
ஃப்ளோ சைட்டோமெட்ரி ஆய்வகப் பணியாளர் ஒருவர்