மெழுகா, மாவா?

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. அத்தைக்கு பைபாஸ் என்றதும் திக்கென்றது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. நெஞ்செலும்பை அறுத்தால் ரத்தத்தை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டிருந்தாய்.

சதையில் அறுபட்ட குழாய் தானே சுருங்கும், இல்லாவிட்டால் நூலால் கட்டலாம். எலும்புக்குள் இருக்கும் நுண்குழாய்க்குச் சுருங்க வழியில்லை, கசிந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் போன் வாக்ஸ், அதாவது எலும்பு மெழுகு. பெரும்பகுதி தேன்மெழுகு. 1892-ல் விக்டர் ஹார்ஸ்லி என்ற லண்டன் சர்ஜன் மண்டையோட்டு ஆபரேஷனுக்காக வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தியேட்டர் ஏசியில் விறைத்துக் கிடக்கும். கையுறை விரலால் பிசைந்து இளக்கி, அறுத்த விளிம்பில் அழுத்தித் தேய்ப்பார்கள். கசிவு உடனே நிற்கும். ஆனால் ஓட்டையை அடைக்கிறதே ஒழிய, ரத்தத்தை உறைய வைப்பதில்லை. உடம்பும் அதைக் கரைக்காது. எலும்பு கூடவேண்டிய இடத்தில் வருசக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். அதனால் எங்கள் சர்ஜன் கை நிறைய அப்புவதில்லை.

அப்புறம், உனக்குப் பிடித்த சேதி. உருளைக்கிழங்கு மாவிலிருந்து செய்த வெள்ளைப் பொடி இப்போது புழக்கத்தில் இருக்கிறது. ரத்தத்திலுள்ள தண்ணீரை இழுத்துக்கொண்டு, உறைதலுக்கு உதவும் தட்டணுக்களை அங்கேயே நெருக்கி உறையவைக்கும். ஓரிரு நாளில் உடம்பே கரைத்துச் சர்க்கரையாக்கிவிடும். சர்க்கரை நோயாளிக்கு 50 கிராமுக்கு மேல் போடக்கூடாது என்று குறிப்பில் எழுதியிருக்கும். அத்தனையும் யாரும் கொட்டப்போவதில்லை, பயப்படாதே.

ராசிபுரத்தில் உன் மில் களத்தில் காயும் குச்சிக்கிழங்கு மாவும் அதே இனம்தான். அதற்காக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் வந்துவிடாதே! கையுறையில் தூவும் சாதாரண மக்காச்சோள மாவு வயிற்றுக்குள் புகுந்து குடலை ஒட்டவைக்கிறது என்பதாலும்தான் அமெரிக்காவில் 2017-ல் பவுடர் கையுறைக்கே தடை போட்டார்கள்.

ரத்தத்தை நிறுத்த, செல்லுலோஸ் என்ற தாவர நாரில் செய்த வலைத்துணியும் உண்டு, 1940-களிலிருந்தே. ரத்தம் பட்டால் கறுத்துக் கூழாகும், அப்புறம் கரையும். ஊறி வீங்கும் என்பதால் முதுகெலும்பு நரம்புப் பக்கம் விட்டுவைக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், எலும்புக்கு வெறும் பொடி போதாது. ரத்தம் வேகமாக ஊறினால் பொடியை அடித்துக்கொண்டு போய்விடும். மெழுகுபோல் ஒட்டவும் வேண்டும், மாவுபோல் கரையவும் வேண்டும். அப்படியொரு பசைக்குத்தான் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

அத்தை ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடு. நீயாக நிறுத்தாதே. ஆபரேஷன் சமயத்தில் லாட்ஜ் எல்லாம் எடுக்க வேண்டாம், நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் மாப்ள