மூளைப் பயிற்சிக் கட்டுரையில் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நியூரோஃபீட்பேக், அதாவது மூளை அலையைத் திரையில் காட்டிக்காட்டி அதைப் பழக்கும் பயிற்சி, பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்த நாற்காலியில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். கட்டுரையில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு இடத்தில், மாத்திரையும் வேண்டாம், யாரிடமும் மனம் திறந்து பேசவும் வேண்டாம், பத்தே அமர்வில் பழைய பயம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை ஒருவர் என்னிடம் சொன்னார், நம்பினேன், ஒரு வருடம் வீணாய்ப் போனது.

நான் ரயில் ஓட்டுநர். ஒரு விடியற்காலை லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தின் மேலேயே ஒரு வேன் நின்றுவிட்டது. எமர்ஜென்சி பிரேக் போட்டதும் ரயில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. வேகமாக வரும் நீளமான வண்டி முழுதாக நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம், அவ்வளவு நேரமும் ஓட்டுநரால் முடிந்தது ஹாரன் லீவரை இழுத்துப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். அதற்கு மேல் அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. விசாரணையில் உன் மேல் தப்பே இல்லை என்றார்கள். மனசுக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை.

பிளாஷ்பேக் என்றதும் நமக்கெல்லாம் சினிமாதான் ஞாபகம் வரும், படம் லேசாகக் கலங்கும், பழைய கதை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக ஓடும். எனக்கு வந்தது கதையே கிடையாது. பக்கத்து வீட்டு இரும்புக் கதவு கிறீச்சென்றால் போதும், வலது கை தானாக மூடிக்கொள்ளும். லீவரைப் பிடித்த அதே பிடி. கட்டைவிரல் வெளுத்துப் போகும் அளவுக்கு இறுகும், நான் விரித்தாலும் விரியாது, சில நேரம் என் மனைவி வந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டிருக்கிறாள். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. தண்டவாளத்தில் கண்ணை எடுக்காமல் விழித்திருப்பதுதான் என் வேலை, அந்த விழிப்பு வீட்டுக்குள்ளும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

இதற்குப் பெயர் பி.டி.எஸ்.டி., அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியதே 1980-ல்தான், அதற்கு முன்னால் போரிலிருந்து திரும்பிய எத்தனையோ பேரைக் கோழை என்று சொல்லி ஒதுக்கியிருக்கிறார்கள். மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்து என்றால் மணி அடிக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி நிலைமையைப் பார்த்து, சரி போதும் என்று அந்த மணியை நிறுத்த வேண்டும். இந்த நோயில் மணி ஓயாமல் அடிக்கிறது, நிறுத்த வேண்டிய கை தளர்ந்து போகிறது. எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன், ஆனாலும் என் டாக்டர் இப்படிச் சொன்ன அன்றுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற தைரியமே வந்தது.

மனநல மருத்துவர் செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார், உளவியலாளரிடமும் அனுப்பினார். அங்கே நடந்ததை நடந்தபடி மெல்ல மெல்லச் சொல்ல வேண்டும், அந்த நினைவை அணு அணுவாக எதிர்கொள்ள வேண்டும். இந்த நோய்க்கு இன்றைக்கு அதிக ஆதாரம் இருக்கும் சிகிச்சை இந்த மாதிரிப் பேச்சுச் சிகிச்சைகள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வாயைத் திறந்தாலே மூச்சு முட்டும், எழுந்து வெளியே போய்விடுவேன். இல்லாவிட்டால் மரத்துப் போய் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். நான்காவது வாரம் போவதையே நிறுத்திவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. அங்கே என்ன நடந்தது, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு ஆள் போய்விட்டார். மாத்திரை மூளை அலையைக் கெடுக்கும், விட்டுவிடுங்கள் என்றார்கள், ஒரே நாளில் விட்டேன். தலைசுற்றல், எரிச்சல், கொஞ்சநஞ்சம் இருந்த தூக்கமும் போனது. இந்த மாத்திரைகளை டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பத்து அமர்வு முடிந்ததும் இன்னும் இருபது வேண்டும் என்றார்கள். பயமும் போகவில்லை, இனிமேல் எதிலும் குணமாகாது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. இரண்டாவதுதான் பெரிய கெடுதல் என்று நினைக்கிறேன்.

கடைசியில் பழைய டாக்டரிடமே போய் நின்றேன், அவர் திட்டவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார், நியூரோஃபீட்பேக்கைப் பயிற்சி பெற்றவர் கையில் செய்து பார்க்கலாம் என்று ஒரு உளவியலாளர் அம்மாவிடம் அனுப்பினார். அங்கே முதல் இரண்டு நாளும் மிஷினையே தொடவில்லை, பேச்சு மட்டும்தான். மூன்றாம் நாள் தலையில் பசை தடவி வலது காதுக்கு மேலே ஒரு எலக்ட்ரோடு, அதற்குக் கொஞ்சம் பின்னால் ஒன்று, காது மடல்களில் கிளிப். கரண்ட் எதுவும் உள்ளே போகாது, மூளையில் ஏற்கெனவே ஓடும் மின்அலையைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எதிரே திரையில் ஒரு ஆறு ஓடுகிற படம். நாங்கள் குறிவைத்த அலை அளவுக்குள் இருந்தால் படம் தெளிவாக இருக்கும், மீறினால் மங்கும், தண்ணீர்ச் சத்தமும் தேயும்.

முதல் நாள் முழுக்க ஆறு மங்கலாகவே இருந்தது. நானும் விடாமல் முயற்சி செய்கிறேன், கீழே இருக்கும் கோடு கறுப்பாகக் கிறுக்கித் தள்ளுகிறது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இது மூளை இல்லை, நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள்" என்றார். தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது, அலையையே மூடிவிடுமாம். தாடையைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தினேன், வலித்தது. இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. அன்றைக்கு அந்த ஆறு ஒரு பத்து விநாடி தெளிந்து ஓடியது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் வாரம் இரண்டு முறை போனேன். முயற்சி செய்யாதீர்கள், சும்மா பாருங்கள் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். படம் தெளிந்தால் மூளைக்கு அது ஒரு சின்னப் பரிசு, சைக்கிள் பழகுகிற மாதிரி எப்படி வந்தது என்று வாயால் சொல்லத் தெரியாமலே வந்துவிடுகிறது. சில நாள் முடித்துவிட்டு வரும்போது தலை வலிக்கும், உடம்பு சோர்ந்துவிடும், கனவுகள் கூர்மையாக வரும். ஒரு வாரம் கை இறுகுவது அதிகமாகவே ஆனது, உடனே அமர்வு நேரத்தைக் குறைத்து அலை இலக்கையும் மாற்றினார். தனியாக ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வாரத்தை எப்படித் தாண்டியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன். விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்தப் பயிற்சி என் நினைவை அழிக்கவில்லை, வேனும் இருக்கிறது, விடியற்காலையும் இருக்கிறது. உடம்பு அடங்கியது, அடங்கியதால் விட்டுவிட்டு ஓடிய அந்தப் பேச்சுச் சிகிச்சைக்குத் திரும்பப் போக முடிந்தது. இந்த முறை எழுந்து ஓடாமல், மரத்தும் போகாமல், கடைசி வரை சொன்னேன். என்னைக் குணப்படுத்தியது எது என்று கேட்டால் அந்தப் பேச்சைத்தான் சொல்வேன், அதை உட்கார்ந்து பேச வைத்தது இந்தப் பயிற்சி. பேசவே வேண்டாம் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஏன் சுட்டது என்று இப்போது புரியும்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை, ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனித மூளையின் மின்அலையை ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் முதன்முதலில் பதிவு செய்தது 1924-ல். அதைப் பழக்கி மாற்ற முடியும் என்பதற்கு 1960-களில் அமெரிக்காவில் பாரி ஸ்டெர்மன் பூனைகளை வைத்து ஒரு சோதனை செய்தார், ஒரு குறிப்பிட்ட அலை வரும்போதெல்லாம் பூனைக்குத் தீனி. பூனைகள் அந்த அலையை அதிகமாக்கக் கற்றுக்கொண்டன. பின்னால் ராக்கெட் எரிபொருளின் நச்சால் வலிப்பு வருவதைப் பற்றிய ஆய்வில், இப்படிப் பழகிய பூனைகள் மற்றவற்றைவிட வெகுநேரம் வலிப்பைத் தாங்கின. பூனைக்கு என்ன நம்பிக்கை இருந்திருக்க முடியும்?

ஆனால் பூனையைக் காட்டி மனிதனுக்கு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். கவனக்குறைவு நோய் உள்ள குழந்தைகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2021-ல் வெளியானது, ஒரு பகுதியினருக்கு நிஜப் பயிற்சி, மீதிப் பேருக்கு அதே மாதிரி தோன்றும் பொய்ப் பயிற்சி, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முடிவில் நிஜம் பொய்யைவிட மேலாக இல்லை. இது வேறு நோய், இருந்தாலும் மறைக்கக் கூடாத செய்தி. எங்கள் நோய்க்கு நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 52 பேர், வேறு சிகிச்சை எடுத்தும் நெடுநாள் குணமாகாதவர்கள். 24 அமர்வு முடிந்தபோது பயிற்சி எடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் அந்த நோய் என்று சொல்லும் நிலை இருந்தது, பயிற்சி எடுக்காமல் காத்திருந்தவர்களில் 68 சதவீதம். பொய்ப் பயிற்சியோடு ஒப்பிடவில்லை என்பது அதில் பெரிய குறை. கனடாவில் ரூத் லேனியஸ் குழு பொய்ப் பயிற்சியையும் வைத்து 2020-ல் வெளியிட்டதில், நிஜப் பயிற்சி எடுத்தவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்தும் நோய் வரம்புக்கு வெளியே இருந்தார்கள். நல்ல எண்தான், ஆனால் மொத்தமே 36 பேர். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறையின் 2023 வழிகாட்டி, இதைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ ஆதாரம் போதாது என்கிறது. அதே ஆண்டு மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. பிரிஸம் என்ற கருவியை அனுமதித்தது, அமிக்டலாவோடு தொடர்புடைய அலையைப் பழக்குவது அது. அனுமதித்ததும் மற்றச் சிகிச்சைக்குத் துணையாக என்றுதான். துணையாக. கட்டுரையில் விட்டுப்போனது இந்தச் சொல்தான்.

இன்னொன்று. எல்லாருக்கும் ஆல்பா அலையை, அதாவது கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது கூடும் மூளை அலையை, கூட்ட வேண்டும் என்று கட்டுரையில் இருக்கிறது. கனடா ஆய்வில் ஆல்பாவைக் குறைக்கத்தான் பழக்கினார்கள். 1990 வாக்கில் வியட்நாம் போர் வீரர்களுக்குப் பெனிஸ்டன், குல்கோஸ்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கொடுத்த பயிற்சியில் ஆல்பாவையும், அதைவிட மெதுவான தீட்டா அலையையும் கூட்டினார்கள். ஆளுக்கு ஆள், முறைக்கு முறை மாறும். அதனால் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த அலையை, தலையில் எந்த இடத்தில், எதற்காகப் பழக்குகிறீர்கள் என்பது. பதில் சொல்லத் தெரியாதவரிடம் தலையைக் கொடுக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் கேள்விகூட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

நான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். அவர்களில் சிலருக்கு என்றாவது ஒரு நாள் என் விடியற்காலை மாதிரி ஒன்று வரும், அப்போது உங்கள் கட்டுரையைத்தான் தேடிப் படிப்பார்கள். மாத்திரையும் பேச்சும் வேண்டாம் என்ற வரியைத் திருத்தி, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். என் பெயர், முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அச்சில் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ரயில் ஓட்டுநர்