‘மே யாமோ’வைத் தமிழ்வழியே கற்பிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஸ்பானிய மொழியின் முதல் பாடம் சென்ற வாரம் வெளிவந்தது கண்டு மகிழ்ந்தேன். ஒருவர் தம்மையும் தம்முடன் வந்தவரையும் அறிமுகப்படுத்தும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை ஆங்கில வாக்கியங்களுக்கு எதிரே அச்சிட்டு, அவற்றை மனப்பாடம் செய்யும்படி மாணவர்களிடம் சொல்லியிருந்தீர்கள். ஸ்பெயினின் சலமாங்கா நகரில் இரண்டு ஆண்டுகள் படித்து, கொலம்பியத் தலைநகரான பொகோட்டாவில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, இப்போது கோவையில் என் வீட்டிலேயே அம்மொழியைக் கற்பித்து வருபவள் நான். அந்த அனுபவத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் மாணவருக்கு ஸ்பானிய அறிமுகத்தை ஆங்கிலத்தின் வழியே கற்பிக்க வேண்டியதில்லை. தமிழின் வழியே கற்பித்தால், முதல் மாதத்தில் அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை தோன்றவே மாட்டா.

தங்கள் பக்கத்தின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன். ‘மே யாமோ’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘மை நேம் இஸ்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. பயன்பாட்டில் அது சரியே. ஆனால் அப்படிக் கற்ற மாணவர் அடுத்த நாளே ‘இஸ்’ எங்கே என்று தேடி, அதற்கு நிகரான ஸ்பானிய ‘எஸ்’ஸை நடுவே செருகி, ‘மே யாமோ எஸ் குமார்’ என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார். என்னிடம் வரும் புதியவர்களில் இந்தப் பிழையைச் செய்யாதவர்கள் குறைவு. ‘யாமார்’ என்றால் அழைத்தல். ‘மே’ என்றால் என்னை. ‘மே யாமோ’ என்றால் என்னை இன்னார் என்று அழைத்துக்கொள்கிறேன் என்பதே நேர்ப்பொருள். ‘அழைக்கிறேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதி ‘நான்’ என்ற எழுவாயைத் தனக்குள் வைத்திருப்பதுபோல, ‘யாமோ’ என்பதன் இறுதி ஓகாரமும் வைத்திருக்கிறது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார் என்பவை அங்கே ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்று வருகின்றன. ஆகவே ‘யோ’ என்ற ‘நான்’ பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சொன்னால் ‘நானாக்கும்’ என்று அழுத்திச் சொல்வதுபோல ஒலிக்கும். வினைவிகுதியில் எழுவாயைக் காண்பது தமிழ்ப் பிள்ளைக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். ஆங்கிலத்தை இடையில் நிறுத்தும்போது, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ, யோ’ என்று சொல்லும் பழக்கத்தை நாமே அந்தப் பிள்ளைக்கு ஏற்படுத்திவிடுகிறோம்.

தொழிலையும் வயதையும் சொல்வதிலும் இப்படித்தான். ‘நான் ஆசிரியை’ என்று சொல்ல ஸ்பானியத்தில் ‘சோய் ப்ரொஃபெசோரா’ போதும். ஆங்கிலத்தைப் பார்த்து நடுவே ‘உனா’ என்று ‘ஒரு’வைச் சேர்ப்பது வழக்கத்துக்கு மாறானது. வயதைச் சொல்லும்போது ‘நான் இருபது’ என்ற ஆங்கில அமைப்பு அங்கே செல்லாது. ‘தெங்கோ பெயின்தே அஞோஸ்’, அதாவது எனக்கு இருபது ஆண்டுகள் உண்டு என்பதே வாக்கியம். நாமும் ‘எனக்கு இருபது வயது’ என்றுதானே சொல்கிறோம்? விருப்பத்தைச் சொல்லும் ‘மே குஸ்தா எல் தே’ என்பதோ ‘எனக்குத் தேநீர் பிடிக்கும்’ என்பதன் அச்சு அசலான உடன்பிறப்பு. ஆங்கிலவழி மாணவர்கள் வாரக்கணக்கில் திணறும் இந்த அமைப்பை, தமிழில் சொல்லித் தந்தால் ஒரே மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஓர் அச்சுப் பிழையைக் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டும். ஆண்டுகள் என்னும் பொருளுடைய ‘அஞோஸ்’ தங்கள் பக்கத்தில் ‘அனோஸ்’ என்று வெளிவந்துள்ளது. ஸ்பானியத்தில் அப்படி உச்சரித்தால், சபையில் சொல்லத் தகாத ஓர் உடலுறுப்பின் பெயராகிவிடும். தலையில் அலைக்கோடு பெற்ற அந்த ஸ்பானிய எழுத்துக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லை. தமிழிலோ ‘ஞ’ ஆயத்தமாகக் காத்திருக்கிறது. திரு, திருமதி என்னும் பொருளுடைய சொற்களைச் செனோர், செனோரா என்று எழுதாமல் செஞோர், செஞோரா என்று எழுதினாலே மாணவரின் நாக்கு சரியான இடத்துக்குப் போய்விடும். மென்மையான ‘த’வும் அப்படியே, ஸ்பானியத்தின் ‘த’ ஆங்கிலத்தின் ‘ட’ அன்று, பல்லைத் தொட்டு எழும் நம் ‘த’தான்.

அடுத்து, முன்னிலைப் பெயர்கள். தங்கள் பாடத்தில் எனக்குப் பெருங்குறையாகப் பட்டது இதுவே. ‘உங்கள் பெயர் என்ன?’ என்பதற்கு ‘கோமோ தே யாமாஸ்?’ என்பதை மட்டும் தந்திருக்கிறீர்கள். அது ‘உன் பெயர் என்ன?’ என்பதாகும். பெரியவர்களிடமும் முன்பின் அறியாதவர்களிடமும் கேட்க வேண்டியது ‘கோமோ சே யாமா உஸ்தேத்?’ என்பது. ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தேத்’ என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’ என்பதால் பாடத்தை அமைத்தவருக்கு வேறுபாடு புலப்படாமல் போயிருக்கலாம். ‘ஒருமையில் பேசியதால் தகராறு’ என்று செய்தி வெளியிடும் ஊரில் இந்த வேறுபாட்டை விளக்க ஒரு வரிகூட அதிகம். ஸ்பானியர்களும் ஒருவரை ‘தூ’ என்று அழைப்பதற்கென்றே ‘துதேயார்’ என்று தனி வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். நாம் ‘வா, போ என்று பேசுவது’ என்கிறோம்.

‘உஸ்தேத்’ என்ற சொல்லின் பிறப்பு ஒரு தமிழருக்கு உடனே விளங்கக்கூடியது. ‘புவெஸ்த்ரா மெர்சேத்’, அதாவது ‘தங்கள் தயை’ என்று பெரியோரை விளித்த நீண்ட மரியாதைத் தொடர் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து ‘உஸ்தேத்’ ஆயிற்று. நம் பழைய விண்ணப்பங்களில் ‘தங்கள் சமூகத்துக்கு’ என்று எழுதினார்களே, அதைப் போன்ற விளி அது. எதிரில் நிற்பவரையல்லாமல் அவருடைய தயையைக் குறித்துப் பேசுவதால், வினையும் படர்க்கையில் அமைந்தது. இன்றும் ‘உஸ்தேத்’துக்குப் படர்க்கை வினையே வருகிறது. ‘ஐயா உத்தரவு தந்தால் பேசுகிறேன்’ என்று எதிரில் இருப்பவரிடமே படர்க்கையில் பேசிப் பழகிய நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கே ‘தூ’, எங்கே ‘உஸ்தேத்’ என்பது நாட்டுக்கு நாடு மாறும். இன்றைய ஸ்பெயினில் ‘தூ’ வெகுவாகப் பரவிவிட்டது. கடைக்காரரும் சக ஊழியரும் முதல் சந்திப்பிலேயே ‘தூ’ என்பார்கள். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘தூ’வின் இடத்தில் ‘வோஸ்’ வழங்குகிறது. ‘கோமோ தே யாமாஸ்’ என்பதன் அழுத்தமும் அங்கே கடைசி அசைக்கு நகர்ந்துவிடும். புவெனஸ் ஐரிஸ்காரர் தம் பெயரைச் சொல்லும்போது ‘மே ஷாமோ’ என்றே நம் காதில் விழும். பொகோட்டாவில் நான் குடியிருந்த வீட்டு அம்மையார் தம் சொந்த மகனையே ‘உஸ்தேத்’ என்று அழைத்ததைக் கேட்டு, தாய்க்கும் மகனுக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று முதல் வாரம் முழுவதும் எண்ணியிருந்தேன். பிறகுதான் அங்கே குடும்பத்துக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் ‘உஸ்தேத்’ அன்போடு புழங்கும் சொல் என்று தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளையையும் ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கும் கொங்கு நாட்டில் பிறந்த எனக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். சலமாங்காவில் ஆங்கிலத்தின் வழியே கற்ற பாடம் என் கண்ணை மறைத்துவிட்டது.

இனி, பிறரை அறிமுகப்படுத்துவது. ‘தே பிரெசெந்தோ ஆ மி எர்மானா’ என்ற வாக்கியத்தில் வரும் ‘ஆ’ எதற்கு என்று தங்கள் பாடம் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு நிகர் இல்லாததால் சொல்லவும் முடியாது. தமிழிலோ அது இரண்டாம் வேற்றுமை. ‘தே’ என்பது உனக்கு, ‘ஆ மி எர்மானா’ என்பது என் சகோதரியை. வீடு தேடுகிறேன் என்று உருபு இல்லாமல் சொல்லலாம். தங்கை தேடுகிறேன் என்றால் பொருளே தலைகீழாகும், தங்கையை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பானியத்திலும் ‘புஸ்கோ உனா காசா’ என்று வீட்டைத் தேடும்போது ‘ஆ’ இல்லை. ‘புஸ்கோ ஆ மி எர்மானா’ என்று சகோதரியைத் தேடும்போது ‘ஆ’ வந்தே தீரும். உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அன்போடு வளர்க்கும் நாய்க்கும் அவர்கள் ‘ஆ’ சேர்ப்பார்கள் என்று சொன்னால், என் மாணவர்கள் அந்த விதியைப் பிறகு மறப்பதே இல்லை.

எளிய வழி ‘எஸ்தா எஸ் மி மாத்ரே’, அதாவது ‘இவள் என் தாய்’ என்பது. ஆனால் ‘எஸ்தே’, ‘எஸ்தா’ என்பவை இவன், இவள் என்ற ஆண்பால் பெண்பால் வேறுபாட்டை மட்டுமே காட்டும். ‘இவர்’ என்ற மரியாதை அச்சொற்களில் இல்லை. அந்த மரியாதையை வேறிடத்தில் வைக்கிறார்கள். மூத்தவரிடமோ அதிகாரியிடமோ ஒருவரை அறிமுகப்படுத்தும்போது ‘லே பிரெசெந்தோ ஆ லா செஞோரா கார்சியா’ என்று, ‘உனக்கு’ என்பதன் இடத்தில் ‘உங்களுக்கு’ என்பதற்கு நிகரான ‘லே’ வரும். பட்டப்பெயருக்கு முன்னே ‘லா’வும் வரும். அந்த அம்மையாரையே நேரில் விளிக்கும்போது ‘லா’ நீங்கிவிடும். முதற்பெயரோடு மரியாதை சேர்க்க ‘தோன்’, ‘தோஞா’ உண்டு. ‘தோஞா கார்மென்’ என்பது நாம் ‘கார்மென் அம்மா’ என்பதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். ‘சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்னும் மறுமொழியாக ‘முச்சோ குஸ்தோ’ எவருக்கும் பொருந்தும். அதே பொருளில் வரும் ‘என்காந்தாதோ’ என்பதை ஆண் சொல்ல வேண்டும். பெண் சொன்னால் ‘என்காந்தாதா’. எதிரில் இருப்பவர் யார் என்பது இதில் கணக்கில்லை. சொல்பவரின் பாலே கணக்கு. தங்கள் பாடத்தில் ஆண்பால் வடிவம் மட்டுமே உள்ளதால், அதைப் படிக்கும் மாணவிகள் தவறாகவே சொல்வார்கள்.

உறவுப் பெயர்களில் தமிழ் நமக்கு அள்ளித் தருவதை ஸ்பானியம் தராது. அக்காவும் தங்கையும் ‘எர்மானா’தான், வேறுபடுத்த வேண்டுமானால் ‘மயோர்’, ‘மெனோர்’ என்று மூத்தவர், இளையவரைச் சேர்க்க வேண்டும். ‘மிஸ் பாத்ரெஸ்’ என்றால் தந்தையர் என்று எண்ணிவிடக் கூடாது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்ததே அது.

பெயர்களைப் பற்றிச் சொல்வது மாணவர் பக்கத்துக்கு மட்டுமன்றித் தங்கள் செய்திப் பக்கங்களுக்கும் உரியது. ஸ்பானிய மரபில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு; முதலாவது தந்தை வழியில் வருவது, இரண்டாவது தாய் வழியில் வருவது. ஸ்பெயினில் 2017 முதல் எது முன்னே வர வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவு செய்கிறார்கள் என்றாலும் பழைய வரிசையே பெருவழக்கு. 1982இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் தந்தை வழிப்பெயர் கார்சியா, தாய் வழிப்பெயர் மார்க்வெஸ். அவரைச் சுருக்கமாகக் குறிக்க வேண்டுமானால் ‘கார்சியா மார்க்வெஸ்’ என்று எழுதுவதே முறை. தமிழில் நாம் எல்லோரும் ‘மார்க்வெஸ்’ என்று மட்டும் எழுதிவருவது, ஆங்கில வழக்கப்படி கடைசிச் சொல்லே குடும்பப் பெயர் என்று கொண்டதால் வந்த பழக்கம். டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் முழுப்பெயர் ரஃபேல் நடால் பரேரா. அவரை யாரும் பரேரா என்று எழுதுவதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஓவியர் பிக்காசோவும் கவிஞர் லோர்காவும் தாய் வழிப்பெயரால் அறியப்படுவது விதிவிலக்கு. ஸ்பெயினில் பெண்கள் திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்வதில்லை என்பதையும் மாணவர்கள் அறிந்திருந்தால், கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதைக் கண்டு குழம்ப மாட்டார்கள்.

இதில் நம்மவர்க்கும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. சலமாங்காவில் படிவங்களை நிரப்பும்போது முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலெழுத்தாக மட்டுமே நான் சுமந்திருந்த தந்தையின் பெயரை முதல் கட்டத்தில் எழுதினேன். இரண்டாவதை வெறுமையாக விட்டேன். இரண்டு ஆண்டுகளும் அலுவலகங்களில் என்னை ‘செஞோரா’ சேர்த்து என் தந்தையின் பெயரால் அழைத்தார்கள். ‘மே யாமோ’ என்று என் பெயரைச் சொல்லும் வாக்கியத்தை அங்கே நான் மிகுந்த விருப்பத்தோடு சொல்லிவந்ததற்கு அதுவே காரணம்.

எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் ‘சோய் தே லா இந்தியா’ என்று சொல்லும்படி மாணவர்களுக்குக் கற்றுத் தரவும். தாங்கள் அச்சிட்டுள்ள ‘சோய் இந்தியோ’ இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் 1492இல் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக எண்ணிக் கரையேறிய கொலம்பஸ் வழியாக அந்தச் சொல் அமெரிக்கப் பழங்குடியினரின் மேல் ஏறி, இன்று பல நாடுகளில் இழிசொல்லாகவும் வழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் நம்மை ‘இந்தூ’ என்பார்கள். சமயத்தைக் கருதாமல் நாட்டைக் கருதியே பெரும்பாலும் அப்படிச் சொல்வதால் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

அடுத்த பாடம் அச்சாகும் முன் மூன்று மாற்றங்களைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில நிரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருளை அச்சிடுங்கள். ‘உஸ்தேத்’ வடிவத்தை முதலில் தந்து, ‘தூ’வை அதன் பின்னே தாருங்கள். ‘அனோஸ்’ என்பதற்கு உரிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கும் மாணவர்களை என் தெருவிலேயே நான் அறிவேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகி ஒருவர்,
கோயம்புத்தூர்.